குடும்ப அளவை அரசு வரையறுப்பதா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

"இரண்டு குழந்தைச் சட்டம் வந்தால்தான் நாடு உருப்படும்" என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் கிளம்புகிறது. இன்னொரு பக்கம், அப்படியொரு சட்டத்தை 30 ஆண்டுகள் வைத்திருந்த ஆந்திரம் 2024 நவம்பரில் அதைத் தூக்கிப் போட்டது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஒரு திருமண மேடையில், மக்களவைத் தொகுதிகள் குறையும் நிலையில் பதினாறு பெற்றால் என்ன என்று கேட்டிருந்தார். அளவோடு பெறச் சொல்லும் அரசு, அதிகம் பெறச் சொல்லும் அரசு இரண்டையும் ஒரே ஆண்டில் பார்க்கிறவருக்கு எதை ஆதரிப்பது என்று குழப்பம் வருவது இயல்பு. பட்டிமன்றத்துக்குத் தயாராகும் மாணவர், மனு எழுதும் ஊராட்சி உறுப்பினர், வாக்காளர் என யாராக இருந்தாலும் முதலில் அளவுகோலைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

## எதை வைத்து அளப்பது?

பெரும்பாலான வாதங்கள் ஒரே ஓர் எண்ணில் நிற்கின்றன: பிறப்பு எவ்வளவு குறைந்தது? அது போதாது. சட்டம் இல்லாமலே எவ்வளவு குறைந்திருக்கும் என்பதைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் சட்டத்தின் பங்கு. இது முதல் அளவுகோல்.

இரண்டாவது, சுமை யார் உடம்பில் இறங்குகிறது என்பது. ஆணுக்குச் செய்யும் கருத்தடை சிறிய சிகிச்சை, பெண்ணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்கும் சிகிச்சை. எந்த நாட்டிலும் அரசு அழுத்தம் கூடும்போது அந்தச் சுமை கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, பெண் குழந்தைக்கு என்ன ஆகிறது. நான்காவது, வரம்பைத் தாண்டிப் பிறந்த பிள்ளையின் கதி: பிறப்புச் சான்று, பள்ளி, ரேஷன். ஐந்தாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குறைத்தது போதும் என்று ஒருநாள் தோன்றினால் திரும்பி வர முடியுமா?

## வழி 1: சட்டப்படி எண்ணிக்கை வரம்பு (சீனா, 1980–2015)

சீனாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1970-இல் 6-ஐ நெருங்கியிருந்தது. 1979-இல் அது 3-க்கும் கீழே வந்துவிட்டது. ஒரு குழந்தைக் கொள்கையை அறிவித்த பகிரங்கக் கடிதம் வெளியானது 1980 செப்டம்பரில். பெரிய இறக்கம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. "தாமதமாக மணம், நீண்ட இடைவெளி, குறைவான பிள்ளைகள்" என்ற 1970-களின் இயக்கம்தான் அதைச் செய்தது. அந்த இயக்கத்திலும் அழுத்தம் உண்டு. ஆனால் ஒற்றைப் பிள்ளை என்ற உச்சவரம்பு இல்லை. எனவே, 40 கோடிப் பிறப்புகளைத் தடுத்தோம் என்ற சீன அரசின் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சீனாவுக்குள்ளேயே ஒரு சோதனை நடந்தது. ஷான்ஷி மாகாணத்தின் யிசெங் வட்டத்தில் 1985 முதல், தாமதமாக மணந்து இடைவெளி விட்டால் இரண்டு பெறலாம் என்று அனுமதித்தார்கள். அங்கே மக்கள்தொகை வெடிக்கவில்லை. வளர்ச்சி தேசிய சராசரியைவிடக் குறைவாகவே இருந்தது, ஆண்-பெண் பிறப்பு விகிதமும் இயல்பை ஒட்டி நின்றது. அந்தச் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே நாடு தழுவிய கொள்கை 30 ஆண்டு ஓடியது.

ஓடியதற்குக் காரணம் நிர்வாக அமைப்பு. உள்ளூர் அதிகாரியின் பதவி உயர்வுக்குப் பல இலக்குகள் உண்டு. பிறப்பு இலக்கில் தவறினால் மற்ற சாதனை எல்லாம் செல்லாது. கல்வி, சாலை, வரி வசூல் எல்லாவற்றிலும் முதலிடம் பிடித்தவர் இதில் சறுக்கினால் பூஜ்யம். இப்படி விதி வைத்தால் கீழ்மட்டம் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது: கர்ப்பத்துக்கு முன் அனுமதிச் சீட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் கருப்பைப் பரிசோதனை, முதல் பிள்ளைக்குப் பின் கருத்தடை வளையம், இரண்டாவதுக்குப் பின் அறுவை. 1983 என்ற ஒரே ஆண்டில் சுமார் 2 கோடிப் பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது; நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். அதே ஆண்டில் சீனக் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையின் அமைச்சர் சியான் சின்சொங்குக்கும் இந்திரா காந்திக்கும் ஐ.நா. மக்கள்தொகை விருது சேர்த்து வழங்கப்பட்டது. அப்போது உலகம் எதைக் கைதட்டி வரவேற்றது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அந்த வளையத்தைக் கொஞ்சம் கிட்டே பார்க்க வேண்டும். பிற நாடுகளில் காப்பர்-டி போன்ற சாதனத்தின் அடியில் ஒரு நூல் தொங்கும்; வேண்டாம் என்றால் செவிலியர் அதை இழுத்து எடுத்துவிடுவார். சீனாவில் பரவலாகப் போட்டது நூல் இல்லாத துருப்பிடிக்காத எஃகு வளையம். பெண் தானாக எடுக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி. எடுக்க வேண்டுமானால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். 2016-இல் இரண்டாவது பிள்ளைக்கு அனுமதி வந்தபோது, போட்ட அரசே இலவசமாக எடுத்துத் தருவதாக அறிவித்தது. அதற்குள் பல பெண்களுக்கு மகப்பேறு வயதே கடந்துவிட்டது.

பெண் குழந்தை விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். கிராம எதிர்ப்பைத் தணிக்க 1984-க்குப் பின் பல மாகாணங்கள், முதல் குழந்தை பெண் என்றால் இன்னொன்று பெறலாம் என்று தளர்த்தின. பெண் பிறந்தது ஒரு குறை, அதற்கு ஈடாக இன்னொரு வாய்ப்பு என்று அரசே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. ஸ்கேன் கருவி வந்ததும் விளைவு தெரிந்தது. 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதல் குழந்தைகளில் 100 பெண்ணுக்கு 107 ஆண். இது இயல்பை ஒட்டியதே. இரண்டாவது குழந்தைகளில் 100 பெண்ணுக்கு சுமார் 152 ஆண். அந்த ஆண்கள் இப்போது பெண் தேடும் வயதில் இருக்கிறார்கள்.

எல்லாப் பழியையும் சட்டத்தின் தலையில் போடவும் முடியாது. கட்டாய வரம்பு இல்லாத தென்கொரியாவிலும் 1990-இல் 100-க்கு 116 வரை போனது. மகன் மோகமும் ஸ்கேனும் சிறு குடும்பமும் சேரும் இடமெல்லாம் இது நடக்கிறது. கொரியா 20 ஆண்டுக்குள் இயல்புக்குத் திரும்பியது. சீனா இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. மறுபக்கமும் ஒன்று உண்டு. சீன நகரங்களில் ஒரே பிள்ளையாகப் பிறந்த பெண்களுக்கு, தம்பிக்குப் போயிருக்கக்கூடிய படிப்புச் செலவெல்லாம் கிடைத்தது.

வரம்பு மீறிப் பிறந்தவர்களுக்குக் குடும்பப் பதிவேட்டில் இடமில்லை. பதிவு இல்லாவிட்டால் அரசுப் பள்ளியில்லை, ரயில் டிக்கெட் இல்லை, திருமணப் பதிவு இல்லை. 2010 கணக்கெடுப்பில் பதிவு இல்லாதவர்கள் சுமார் 1.3 கோடி. அத்தனை பேருக்கும் பதிவு கொடுக்கும் உத்தரவு கொள்கை முடியும் தறுவாயில்தான் வந்தது. அபராதமோ உள்ளூர் சராசரி ஆண்டு வருமானத்தின் பல மடங்கு. திரைப்பட இயக்குநர் சாங் யிமோ 2014-இல் சுமார் 75 லட்சம் யுவான் கட்டினார். கட்டிவிட்டுப் படம் எடுக்கப் போய்விட்டார். ஏழை விவசாயி வீட்டிலோ மாட்டையும் தானியத்தையும் எடுத்துப் போனார்கள்.

திரும்பி வருதல்? 2016-இல் இரண்டு, 2021-இல் மூன்று என்று திறந்தும், 2016-இல் 1.79 கோடியாக இருந்த பிறப்புகள் 2023-இல் 90 லட்சமாகச் சரிந்தன. 2022 முதல் மொத்த மக்கள்தொகையே சுருங்குகிறது. ஒரே பிள்ளையையும் இழந்த பெற்றோர் பத்து லட்சம் குடும்பங்களுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்கு மருத்துவமனைப் படிவத்தில் கையெழுத்துப் போடக்கூட ஆளில்லை.

## வழி 2: இலக்கு வைத்துக் கருத்தடை (இந்தியா, 1975–77)

நெருக்கடி நிலைக் காலத்தில் இந்தியா எண்ணிக்கை வரம்பைச் சட்டமாக்கவில்லை. மகாராஷ்டிரச் சட்டமன்றம் மட்டும் 1976-இல் கட்டாயக் கருத்தடை மசோதாவை நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வரவில்லை. மத்திய அரசும் மாநிலங்களும் பிடித்தது இலக்கு முறையை. ஆசிரியருக்கு இத்தனை "கேஸ்" (கருத்தடைக்கு ஆள்), தாசில்தாருக்கு இத்தனை, போலீசுக்கு இத்தனை. கேஸ் கொண்டுவராத ஆசிரியருக்குச் சம்பளம் நிற்கும். டெல்லியில் குடிசை இடிக்கப்பட்டவருக்கு மாற்று மனை வேண்டுமானால் கருத்தடைச் சான்று காட்ட வேண்டும், அல்லது வேறு ஆளைப் பிடித்துத் தர வேண்டும். ஹரியானாவின் உட்டாவர் கிராமத்தை 1976 நவம்பரில் போலீஸ் சுற்றி வளைத்து ஆண்களை அள்ளிக்கொண்டு போனது.

1976–77-இல் மட்டும் சுமார் 82 லட்சம் கருத்தடை அறுவைகள், முக்கால்வாசி ஆண்களுக்கு. கருத்தடை தொடர்பான 1,774 மரணங்களை, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையம் பதிவு செய்தது. பலன்? 1961–71-இல் 24.8 விழுக்காடாக இருந்த பத்தாண்டு வளர்ச்சி 1971–81-இல் 24.7 விழுக்காடு. ஏற்கெனவே நான்கைந்து பிள்ளை பெற்றவர், வயதானவர், மணமாகாதவர் என்று கையில் கிடைத்தவரைப் பிடித்தால் பிறப்பு எப்படிக் குறையும்? இலக்கு அறுவையின் எண்ணிக்கையை மட்டும்தான் எண்ணியது.

மருத்துவத்தில் ஒரு பிழையும் சமூகத்தில் பெரிய காயமாயிற்று. ஆண் கருத்தடை செய்த அன்றே பலன் தராது. சுமார் 3 மாதம் வேறு தடுப்பு வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். முகாமில் ஆயிரக்கணக்கில் அறுத்து அனுப்பும்போது இதைச் சொல்ல யாருக்கு நேரம்? அடுத்த சில மாதத்தில் மனைவி கருவுற்றால் சந்தேகம் அவள் மேல்தான் விழும்.

1977 தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதியிலும் பீகாரின் 54 தொகுதியிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அறுவை எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே போனது. "குடும்பக் கட்டுப்பாடு" என்ற துறை "குடும்ப நலம்" ஆனது. ஆண்களைத் தொட அரசியல்வாதி எவருக்கும் அதன்பின் துணிவில்லை. சுமை அப்படியே பெண்கள் பக்கம் சாய்ந்தது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடையை நம்பியிருப்போர் 0.3 விழுக்காடு. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்ததில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இலக்கு முறையை 1996-இலேயே கைவிட்டதாகக் காகிதம் சொல்கிறது.

## வழி 3: சலுகையைப் பறித்தல், பதவியைத் தடுத்தல்

கையைப் பிடித்து இழுக்காமல், "உன் இஷ்டம், ஆனால் விலை உண்டு" என்று சொல்லும் வழி இது. சுத்தமாகச் செய்துகாட்டிய இடம் சிங்கப்பூர். 1972-இல் "இரண்டோடு நிறுத்து" பிரசாரம். அரசு மருத்துவமனையில் அடுத்தடுத்த பிரசவத்துக்குக் கட்டணம் ஏறும். சம்பளத்தோடு பேறுகால விடுப்பு முதல் இரண்டுக்கு மட்டும். பெற்றோர் கருத்தடை செய்திருந்தால் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. மக்கள் பெரும்பாலோர் அரசு வீட்டிலும் அரசு மருத்துவமனையிலும் இருக்கும் நகர நாடு என்பதால் இந்தக் கைப்பிடி வேலை செய்தது. 1975-இலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் 2.1-க்கு, அதாவது மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்கும் அளவுக்கு, இறங்கியது. அடுத்த படியில் அரசு வழுக்கியது. 1984-இல் பட்டதாரித் தாயின் பிள்ளைக்குப் பள்ளியில் முன்னுரிமை, படிக்காத ஏழைத் தாய் கருத்தடை செய்தால் 10,000 சிங்கப்பூர் வெள்ளி என்று திட்டம் போட்டார்கள். யார் பெறலாம் என்று தரம் பிரிப்பதில் போய் முடிந்தது. எதிர்ப்பு கிளம்ப, பட்டதாரித் தாய்ச் சலுகையை மறு ஆண்டே கைவிட்டார்கள். 1987-இல் "முடிந்தால் மூன்று பெறு" என்று திரும்பினார்கள். ரொக்கம் கொடுத்தும் 2023-இல் விகிதம் 0.97.

இந்திய மாநிலங்கள் பிடித்தது ஊராட்சித் தேர்தல் தடையை. ராஜஸ்தான், ஹரியானா, ஆந்திரம், ஒடிசா, மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத் என்று வரிசையாக, குறிப்பிட்ட தேதிக்குப் பின் மூன்றாவது பிறந்தால் போட்டியிட முடியாது, பதவியில் இருந்தால் போகும் என்றன. ஹரியானாச் சட்டத்தை 2003-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஹரியானாவே 2006-இல் அதை விலக்கிக்கொண்டது வேறு கதை.

சட்டம் சின்னதாகத் தெரியும், உள்ளே போனால் ஆழம். ஊராட்சிகளுக்கான 73-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் மூன்றில் ஒரு இடம் பெண்களுக்கு. அந்த இடத்துக்கு வந்தவர்களில் பலர் பிள்ளை பெறும் வயதினர். எத்தனை பெறுவது என்று வீட்டில் அவர்கள் முடிவு செய்வதில்லை. பதவி போவது மட்டும் அவர்களுக்கு. சட்டமன்ற உறுப்பினருக்கும் எம்.பி.க்கும் இந்தத் தடை கிடையாது. மத்தியப் பிரதேசத்தின் முன்னாள் தலைமைச் செயலர் நிர்மலா புச் தலைமையில் நடந்த ஆய்வில் தெரியவந்தவை: கர்ப்பிணி மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளை தனதில்லை எனல், தத்துக் கொடுத்துவிட்டதாகக் காட்டல், பிறப்பைப் பதியாமல் விடல். தத்துக் கொடுத்தாலும் கணக்கில் வரும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அந்த ஓட்டை அடைபட்டது. மற்ற ஓட்டைகள் எல்லாம் மனைவியின் தலையில்தான் விடிகின்றன.

## வழி 4: வரம்பு வைக்காமல் விடுதல் (தமிழ்நாடு, கேரளம், தாய்லாந்து)

தமிழ்நாட்டில் 1971-இல் 3.9 ஆக இருந்த விகிதம் 1990-களின் நடுவில் 2.1-ஐ ஒட்டி வந்தது. கேரளம் அதற்குச் சில ஆண்டு முன்னதாக. தாய்லாந்து ஆணுறையைக் கேலியும் பாட்டுமாகக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்து, சீனாவின் அதே காலத்தில் ஏறக்குறைய அதே இறக்கத்தைக் கண்டது. மூன்றிலும் எண்ணிக்கை வரம்பு இல்லை.

நடந்தவை எல்லாம் சேர்ந்து நடந்தவை: பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை, பேருந்து எட்டும் தூரத்தில் ஆரம்ப சுகாதார நிலையம், வீடு தேடி வரும் கிராமச் செவிலியர், மதியச் சோற்றுக்காகவாவது பள்ளிக்குப் போன பெண், தள்ளிப்போன கல்யாணம். சிந்தனையும் முன்னாலேயே விதைக்கப்பட்டிருந்தது. தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை என்று மற்றவர்கள் கர்ப்பத்தடைக்குக் காரணம் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்று பெரியார் 1930 வாக்கிலேயே எழுதினார்.

இந்த வழியையும் பால்போல் வெள்ளை என்று சொல்ல முடியாது. சென்னை மாநிலம் 1956-லேயே கருத்தடைக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி இரண்டு பிள்ளைக்குத்தான். 1992-இல் வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் வைப்புத்தொகை கிடைக்க, ஆண் பிள்ளை இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும். நடைமுறையில் அந்த "ஒருவர்" யார் என்று எந்தச் சமூக நல அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். உசிலம்பட்டி, சேலம், தருமபுரிப் பெண் சிசுக்கொலையும், 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் இதே காலத்தவை. சிறு குடும்பம் வேண்டும், அதில் மகன் கட்டாயம் வேண்டும் என்ற இரண்டும் சேர்ந்தால் சட்டம் இல்லாமலும் பெண் குழந்தை சாகும்.

மறைமுகச் செலவு அரசியலில் வந்தது. தமிழ்நாட்டுக்கு 1962-இல் 41 ஆக இருந்த மக்களவை இடங்கள் 1967-இல் 39 ஆயின. 1976 முதல் மறுபங்கீடு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தடை நீங்கும்போது குறைவாகப் பெற்ற மாநிலம் இடம் இழக்கும் என்ற பயம்தான் இன்றைய "நிறையப் பெறுங்கள்" பேச்சின் வேர்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சட்ட வரம்பு | இலக்கு முறை | சலுகைப் பறிப்பு / பதவித் தடை | வரம்பின்றி |
|---|---|---|---|---|
| சட்டத்தால் வந்த கூடுதல் இறக்கம் | சொல்வதைவிடக் குறைவு | ஏறக்குறைய இல்லை | சிங்கப்பூரில் ஓரளவு. மாநிலங்களில் சிறிது | சட்டமே இல்லை. இறக்கம் பெரிது |
| உடல் சுமை | பெரும்பாலும் பெண் | முதலில் ஏழை ஆண், பிறகு பெண் | பெண் | பெண் |
| பெண் குழந்தை | கடும் பாதிப்பு | நேரடியாக இல்லை | மகன் மோகம் உள்ள இடத்தில் பாதிப்பு | மகன் மோகம் உள்ள இடத்தில் பாதிப்பு |
| வரம்பு மீறிய பிள்ளை | பதிவில்லாதவர் | கேள்வி எழவில்லை | மறைப்பு, தத்து, மறுப்பு | கேள்வி எழவில்லை |
| திரும்பி வருதல் | முடியவில்லை | அவப்பெயர் 50 ஆண்டாக | சட்டம் நீக்கலாம், பிறப்பு திரும்பவில்லை | கடினம், ஆனால் காயம் குறைவு |

## எந்தச் சூழலுக்கு எது?

முதல் இரண்டு வழிக்கும் பொருத்தமான சூழல் ஒன்றும் இல்லை. அவசரம் அதிகமாக இருந்த இடத்திலும், அவற்றுக்கு முன்போ பக்கத்திலோ நடந்த மென்மையான முயற்சிதான் வேலையைச் செய்திருக்கிறது. சிங்கப்பூர் முறை ஒரு சிறிய நகர அரசுக்கு, வீடும் மருத்துவமும் அரசின் கையில் இருக்கும்போது, குறுகிய காலத்துக்குப் பொருந்தலாம். எப்போது நிறுத்துவது என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்தால் மட்டும்.

இந்தியாவுக்கு வந்தால், 2019–21 ஆய்விலேயே நாட்டு விகிதம் 2.0 ஆகிவிட்டது. பீகார் 3.0, மேகாலயா 2.9, உத்தரப் பிரதேசம் 2.4 என்று சில மாநிலம்தான் மேலே. அங்கே தேவை, பிள்ளை வேண்டாம் என்று நினைக்கும் பெண்ணின் கைக்கு எட்டும் கருத்தடை வசதி. நாட்டில் அப்படி நினைத்தும் வசதி கிடைக்காத மணமான பெண்கள் 9.4 விழுக்காடு. முதலில் அவர்களிடம் போய்ச் சேர்ந்தால், சட்டம் கொண்டுவரச் சொல்லும் காரணமே கரைந்துவிடும். ஆண் கருத்தடைக்குப் போன மானத்தை மீட்பதும் இந்தப் பட்டியலில் வர வேண்டும். தழும்பில்லாத முறை கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கையில் இருக்கிறது.

புதிதாக ஒரு மசோதா கண்ணில் பட்டால் முன்னுரையை விட்டுவிட்டு நேரே தண்டனைப் பகுதிக்குப் போகலாம். உத்தரப் பிரதேசச் சட்ட ஆணையம் 2021 ஜூலையில் வெளியிட்ட வரைவை எடுத்துக்கொள்வோம். தேர்தல் தடை, அரசு வேலைத் தடை எல்லாம் பெற்றோருக்கு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள தம்பதி ஒரே பிள்ளையோடு கருத்தடை செய்தால், மகன் என்றால் 80,000, மகள் என்றால் ஒரு லட்சம். மகளுக்குக் கூடுதல் என்பது நல்லெண்ணம்தான். அடுத்த வரி, ரேஷன் அட்டையில் நான்கு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்கிறது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை. மூன்றாவதாகப் பிறந்ததற்கு அரிசி இல்லை. வீட்டில் பாட்டி இருந்தால் இரண்டாவதற்கும் இல்லை.